பால் பைத்தானுக்கு மரக்கிளை வேணுமா, வேணாமா?

இழை கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. வேளச்சேரியில் கிளினிக்கை மூடுகிற நேரம். ஒரு தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், ஐடி வேலை. வலது கை கட்டைவிரலைக் கைக்குட்டையால் சுற்றியிருந்தார்.

"என்னாச்சு தம்பி?"

"பாம்பு கடிச்சிடுச்சு டாக்டர்."

இந்த ஏரியா டாக்டருக்கு இது புது வாக்கியம் இல்லை. மழை பெய்து ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தால், தண்ணீர்ப்பாம்பும் சாரையும் கூடவே வரும். பாம்புக்கடி என்றால் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை மணிக்கு, எங்கே, பாம்பு எப்படி இருந்தது, கண் இமை கனக்கிறதா, முழுங்க முடிகிறதா என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன்.

தம்பி மெதுவாகச் சொன்னார். "விஷப்பாம்பு இல்ல டாக்டர். வீட்ல வளர்க்கிறது. பால் பைத்தான்."

போனில் படம் காட்டினார். பால் பைத்தான்தான். சந்தேகமே இல்லை.

காயத்தைச் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவினோம். மலைப்பாம்பின் பற்கள் ஊசி மாதிரி, உள்பக்கமாக வளைந்திருக்கும். கையை வெடுக்கென்று இழுத்தால் பல் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அப்படி ஏதும் இல்லை. டிடி ஊசி போட்டேன். விஷமுறிவு மருந்துக்கு வேலையே இல்லை.

கிளம்பும்போது அவர் கேட்ட கேள்விதான் இந்த இழைக்குக் காரணம். இன்னொரு படம் காட்டினார். பாம்பின் மூக்கு நுனியில் செதில் தேய்ந்து, சிவந்து, பொருக்குத் தட்டியிருந்தது.

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டப்பா மூடியை மூக்கால முட்டிட்டே இருக்கு. ஏறப் பார்க்குதோன்னு தோணுது. ஆனா வித்தவர், இது தரைப்பாம்பு, ஏறாது, கிளையெல்லாம் வெச்சா விழுந்து அடிபடும்னு சொன்னாரு. கிளை வெக்கணுமா, வேணாமா?"

அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். ஆனால் "அசையாமல் கிடந்தால் என்ன கெட்டுப் போச்சு?" என்ற கேள்வியை நான் தினமும் மனிதர்களிடம் சந்திக்கிறேன். அதனால் இதில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

1. முதலில் ஆள் யார்?

பால் பைத்தான் என்றால் பால் குடிக்கிற பைத்தான் இல்லீங்க. எந்தப் பாம்பும் பால் குடிக்காது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும். அந்தப் 'பந்து'தான் இந்தப் 'பால்'.

சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கம். வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி நீளம். பெண் பாம்பு ஆணைவிடப் பெரிது. பெனின் நாட்டின் விடா என்ற ஊரில் இதற்குக் கோயிலே இருக்கிறது. நம் ஊரில் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைப்பது மாதிரி அங்கே இந்தப் பாம்பைக் கும்பிடுகிறார்கள்.

பகலில் எங்கே இருக்கும்? எலி வளையில், கரையான் புற்றில். "கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது" என்று நாம் சொல்கிற பழமொழி ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்புக்கு அப்படியே பொருந்தும்.

இங்கேதான் 'தரைப்பாம்பு' என்ற பெயர் வந்தது. பகலில் பிடிக்கப் போகிறவன் புற்றைத் தோண்டித்தான் பிடிக்கிறான். புற்றில் பார்த்ததால் புற்றில் மட்டும்தான் வாழ்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். உங்களைப் பகலில் அலுவலகத்தில் மட்டும் பார்த்த ஒருவர், "இவர் நாற்காலியில் வாழும் உயிரினம்" என்று எழுதி வைத்தால் எப்படி இருக்கும்?

நம் ஊரில் பெயரிலேயே மரம் ஏறுகிற பாம்பு உண்டு. கொம்பேறி மூக்கன். கொத்திவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்து பிணம் எரிவதைப் பார்க்கும் என்று பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள். கதை பொய், அந்தப் பாம்புக்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. ஆனால் மரம் ஏறுவது நிஜம். பச்சைப்பாம்பும் அப்படித்தான், வாழ்க்கையே கிளையில்.

பால் பைத்தான் அந்த ரகம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். கனத்த உடம்பு, குட்டை வால். ஆனால் 'கிளையிலேயே வாழ்வது' ஒன்று, 'தேவைப்பட்டால் ஏறுவது' வேறொன்று. நீங்களும் நானும் மாடியில் வாழும் உயிரினம் இல்லை. அதற்காகப் படிக்கட்டே வேண்டாம் என்று சொல்வோமா?

2. ஆதாரம் என்ன சொல்லுது?

காட்டிலிருந்து ஒன்று, கூண்டிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

காட்டுக்கதை 1998. லூயிசெல்லி, ஆஞ்செலிச்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்கிழக்கு நைஜீரியாவின் மழைக்காடுகளில் இந்தப் பாம்புகள் என்ன தின்கின்றன என்று பார்த்தார்கள். 70 சென்டிமீட்டருக்குக் குறைவான சின்னப் பாம்புகள் தின்றது பெரும்பாலும் குட்டிப் பறவைகளை. ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்தவை எலி போன்ற பாலூட்டிகளை. ஆண் பாம்புகளின் வயிற்றில் பறவை அதிகம், பெண் பாம்புகளின் வயிற்றில் எலி அதிகம். ஆண்கள் பெண்களைவிட அதிகம் மரம் ஏறுகிறவை என்றும் எழுதினார்கள்.

யோசித்துப் பாருங்கள். எலி வளையில் மட்டும் வாழ்கிற பாம்புக்குப் பறவைக் குஞ்சை யார் பார்சல் அனுப்புகிறார்கள்?

கூண்டுக்கதை 2021. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் செய்த ஆய்வு. 35 பால் பைத்தான்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமான இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, கேமராவில் பதிவு செய்தார்கள். ஒன்று, வளர்ப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிக் இழுப்பறை அடுக்கு. நம் வீட்டு பீரோ டிராயர் மாதிரி, உயரம் இருக்காது. இன்னொன்று, கிளை, பொந்து, மண், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் உள்ள கண்ணாடிக் கூடம்.

எட்டு வகை நடத்தைகளைக் கணக்கெடுத்தார்கள். அதில் நான்கைக் கண்ணாடிக் கூடத்தில்தான் செய்யவே முடிந்தது. ஏறுவது அதில் ஒன்று. டிராயரில் கிடப்பது, நகர்வது, அவ்வளவுதான். முக்கியமான இன்னொரு விஷயம்: ஒரே அசைவை அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை டிராயரில் மட்டுமே தெரிந்தது, கண்ணாடிக் கூடத்தில் தெரியவில்லை. பழைய மிருகக்காட்சிசாலைகளில் கூண்டுக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்கும் புலியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்த ரகம்.

டப்பா மூடியை ராத்திரி முழுக்க மூக்கால் முட்டுகிற பாம்பு எந்த ரகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. "சரி டாக்டர், ஆனா அது என்ஜாய் பண்ணுதா?"

நல்ல கேள்வி. நேர்மையான பதில்: ஏறும்போது அதற்கு உள்ளே என்ன தோன்றுகிறது என்பது நமக்குத் தெரியாது. பாம்புக்கு முகபாவம் கிடையாது. சிரிக்காது, வாலாட்டாது, மடியில் படுத்துக் குர்ர்ர் என்காது. "என் பாம்புக்கு என்னைப் பிடிக்கும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. உங்கள் கை சூடாக இருக்கிறது, அது பிடித்திருக்கலாம். அதற்கு மேல் கற்பனை பண்ண வேண்டாம்.

ஆனால் பேச முடியாத உயிரின் தேவையைக் கண்டுபிடிப்பது எங்கள் தொழிலில் தினசரி வேலை. பச்சைக் குழந்தை "வயிறு வலிக்குது" என்று சொல்வதில்லை. காலை மடக்குகிறதா, பால் குடிக்கிறதா, அழுகை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவருக்கும் அதே மாதிரிதான்.

பாம்புக்கும் அதே வழி. மனசைக் கேட்காதீர்கள், தேர்வைப் பாருங்கள். கதகதப்பான பொந்து இருக்கிறது, குளிர்ந்த பொந்து இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது. எல்லாம் இருந்தும் ராத்திரி எழுந்து, நாக்கை நீட்டி நீட்டி, மெதுவாகக் கிளையில் ஏறி, அங்கே கொஞ்ச நேரம் தங்கிவிட்டு இறங்குகிறது என்றால், அது அந்தப் பாம்பு போட்ட ஓட்டு. கிளையை வைத்தும் மாதக்கணக்கில் தொடவே இல்லையா? அதுவும் ஓட்டுதான். நஷ்டம் ஒரு கொய்யாக் கிளை.

கிளையே வைக்காமல் "என் பாம்பு ஏறாது" என்று சொல்வது வாக்குச்சாவடியே திறக்காமல் தேர்தல் முடிவு அறிவிப்பது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஏறுகிறது என்றாலே ஆசை என்று நினைக்காதீர்கள். தப்பிக்கப் பார்க்கிற பாம்பும் ஏறும். கீழே சூடு அதிகம், ஒளிய இடமில்லை, ஈரம் இல்லை, பசி என்றாலும் மேலே முட்டும். ஒரே மூலை, ஒரே வேகம், மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது விளையாட்டு இல்லை, புகார். அப்போது கிளையை மட்டும் வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. வெப்பமானியைப் பாருங்கள், பொந்தைப் பாருங்கள், டப்பாவின் அளவைப் பாருங்கள்.

4. "சாப்பிடுது, சட்டை உரிக்குது, அப்புறம் என்ன?"

டப்பாவில் வைத்து வளர்ப்பவர்களின் பெரிய வாதம் இது. ஒழுங்காக எலி தின்கிறது, ஒழுங்காகச் சட்டை உரிக்கிறது, முட்டை போடுகிறது. ஆரோக்கியத்துக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்பார்கள்.

இதைக் கேட்டால் எனக்கு ஒரு வீட்டு ஞாபகம் வரும். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஒரு பாட்டி. பிள்ளைகள் பாசக்காரர்கள். "அம்மா விழுந்துடுவாங்க" என்று பயந்து கட்டிலை விட்டு இறக்கவே இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை. "நல்லா சாப்பிடுறாங்க டாக்டர், மோஷன் நல்லா போறாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். போர்வையை விலக்கினால் தொடை குச்சியாகிவிட்டது. முதுகில் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது. பாட்டி யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டார்.

உயிரோடு இருப்பதற்கான குறைந்தபட்ச அளவுகோலும் நன்றாக இருப்பதற்கான அளவுகோலும் ஒன்றல்ல. அதனால்தான் இப்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நோயாளியை எழுப்பி நடக்க வைக்கிறோம். விழும் ஆபத்து நிஜம். அதற்குப் பதில் கைத்தடி, வாக்கர், பக்கத்தில் ஒரு ஆள். கட்டிலோடு கட்டிப்போடுவது பதில் இல்லை.

பாம்பின் உடம்பு என்பது கிட்டத்தட்ட முழுக்கத் தசையும் முதுகெலும்பும்தான். நமக்கு 33 முள்ளெலும்புகள், அதற்கு 200-க்கும் மேல். அந்த உடம்பை ஆறு அங்குல உயர டிராயரில் ஆயுசு முழுக்க வைப்பது என்ன நியாயம்? ஆயுசும் குறைவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், குறைந்தது 15 வருடம் ஆண் துணையே இல்லாமல் 2020-ல் முட்டை போட்டுச் செய்தியானது. நீங்கள் இருபத்தைந்து வயதில் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பு உங்கள் பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்கும்.

5. கிளை வைக்கிறதுன்னா எப்படி?

விழுந்து அடிபடும் என்று விற்றவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கனத்த பாம்பு, உயரத்திலிருந்து கல் மேல் விழுந்தால் அடிபடும். அதனால்:

உயரம் வேண்டாம், நீளம் வேண்டும். நட்டுக்குத்தலாக நிற்கும் குச்சி பச்சைப்பாம்புக்கு. இதற்குச் சாய்வாக, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக, கீழே ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் போதும்.

தடிமன் பாம்பின் நடு உடம்பு அளவாவது இருக்கட்டும். சொரசொரப்பு வேண்டும். வழவழ பிளாஸ்டிக் குழாய் வேண்டாம்.

ஆடக் கூடாது. இரண்டு முனையும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். நீங்கள் கையால் அழுத்திப் பார்த்து அசையாவிட்டால்தான் பாம்புக்கு. செல்லோ டேப் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள், செதிலில் ஒட்டினால் தோலோடு வரும்.

எந்த மரம்? கொய்யா அருமை. கெட்டியாக இருக்கும். மருந்தடிக்காத மரமாகப் பார்த்து, கழுவி, நம்ம ஊர் வெயிலில் நன்றாகக் காய வைத்து எடுங்கள். அரளி, எருக்கு வேண்டாம், பால் விஷம். முருங்கை கட்டாயம் வேண்டாம். முருங்கைக் கிளை சடக்கென்று முறியும், ஏறுவதை வேதாளத்துக்கு விட்டுவிடுங்கள்.

பொந்துதான் முதல், கிளை இரண்டாவது. ஒளிய இரண்டு இடம் இல்லாமல் கிளை மட்டும் வைப்பது, பாத்ரூம் கட்டாமல் பால்கனி கட்டுவது.

மேலே பல்ப் எரிகிறதா? ஏறுகிற பாம்பு அதைப் போய்த் தொடும், சுற்றிக்கொள்ளும், வெந்துபோகும். கம்பிக்கூடு போடுங்கள். மூடிக்குப் பூட்டு போடுங்கள்.

'ஸ்பைடர்' என்ற நிறவகைப் பாம்பு உங்களிடம் இருந்தால் இன்னும் கவனம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தலை ஆடும், திருகும், சில சமயம் மல்லாந்துவிடும். உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் பகுதியே பிறவியில் கோளாறாக இருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர்களில் தலைசுற்றல் நோயாளியை ஏணியில் ஏற்றுவோமா? இதற்குக் கிளை தரையோடு தரையாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், அழகுக்காக இப்படிப் பிறக்க வைப்பதை நிறுத்த வேண்டும்.

நம்ம சென்னைக்கென்று ஒரு வார்த்தை. இதற்குக் கதகதப்பான மூலையில் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 வேண்டும், காற்றில் நல்ல ஈரமும் வேண்டும். சென்னை அதற்குச் சௌகரியமான ஊர்தான். கெடுப்பது நம்ம ஏசி. 22 டிகிரியில் விடிய விடிய ஓடும் ஏசி அறையில் குளிரும் வறட்சியும் சேர்ந்து சட்டை துண்டு துண்டாக உரியும், மூச்சுக்கோளாறு வரும். மே மாதம் ஏசி இல்லாத மாடி அறையில் நேர் எதிர் ஆபத்து. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்த ஏரியாவில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. படகில் நம்மையே மீட்டார்கள். அன்றைக்கு உங்கள் பாம்பை எங்கே கொண்டுபோவீர்கள் என்று யோசித்துவிட்டீர்களா?

6. என் துறைக்கு வருகிறேன்

ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். பாம்புக்கு ஒன்றும் செய்யாது, நமக்கு வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், முதியவருக்கும், கர்ப்பிணிக்கும், எதிர்ப்புசக்தி குறைந்தவருக்கும் ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம்.

பாம்பைத் தொட்டாலும், டப்பாவைத் தொட்டாலும், அந்தக் கிளையைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முத்தம் கொடுக்கும் ரீல்ஸ் வேண்டவே வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பாம்பே வேண்டாம்.

இன்னொன்று. தெருவில், தோட்டத்தில், ஷூவுக்குள் இருந்து கடித்த பாம்பை நீங்களே "இது விஷமில்லாதது" என்று முடிவு செய்யாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி. இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான கணக்கு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தகவல் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்ததே, கணக்கு சரியாக இருந்தால்தான் மருந்து சரியான இடத்துக்குப் போகும் என்பதற்காக.

7. இப்போ கசப்பு மாத்திரை

இவ்வளவு நேரம் கிளையைப் பற்றிப் பேசினோம். அந்தத் தம்பியிடம் நான் கேட்ட கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். "இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு மூலமா. பேப்பர் எதுவும் இல்ல டாக்டர்."

2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பைகளைத் திறந்தார்கள். 45 பால் பைத்தான்கள், 8 சோளப் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். அதே ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெட்டியில் 22 பாம்புகள், ஒரு பச்சோந்தி. ஜூலையில் திருச்சியில் ஒருவர் பெட்டியில் 47 மலைப்பாம்புக் குட்டிகள், 2 பல்லிகள். செப்டம்பரில் பெங்களூரில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும் உயிரோடு, 6 கபுச்சின் குரங்குகள் பிணமாக.

இவை பிடிபட்டவை. பிடிபடாமல் வந்ததுதான் யாரோ ஒருவர் வீட்டு டப்பாவில் மூக்கை முட்டிக்கொண்டிருக்கிறது. துணிப்பைக்குள் முடிச்சுப் போட்டு, பெட்டிக்குள் அடுக்கி, சரக்கறையில் பறந்து வந்த உயிருக்கு நாம் கிளை வேண்டுமா, வேண்டாமா என்று விவாதிக்கிறோம்.

ஆப்பிரிக்காவிலும் கதை நல்லதாக இல்லை. 1975-க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 30 லட்சத்துக்கும் மேல் பால் பைத்தான்கள் உயிரோடு ஏற்றுமதியாகியிருக்கின்றன. இப்போது அழியும் அபாயத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் என்ன? நம்ம ஊர் மலைப்பாம்போ, சாரையோ, எந்த இந்தியப் பாம்பையும் வீட்டில் வளர்க்கவே கூடாது. வெளிநாட்டுப் பாம்புக்கு முன்பு தெளிவான சட்டம் இல்லாமல் இருந்தது. 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். பால் பைத்தான் அதில் வரும். 2024 பிப்ரவரி 28-ல் வந்த விதிப்படி, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆறு மாதம் ஆகஸ்டில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கைக்கு வந்தால் 30 நாளைக்குள் பதிவு. பேப்பர் இல்லாத பாம்பை வாங்கினால் நீங்கள் வாங்குவது பாம்பு மட்டுமில்லை, ஒரு வழக்கையும் சேர்த்துத்தான்.

8. என் கருத்து, சுருக்கமா

புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்காதீர்கள். பாம்பு பார்க்க ஆசையா? 1972-லிருந்து கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம், டிராஃபிக் இல்லாவிட்டால்.

பதிவு செய்து, பேப்பரோடு ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? டப்பாவை மாற்றுங்கள். உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்கிற இடம், இரண்டு பொந்து, தாழ்வாக ஒரு கெட்டியான கிளை. ஏறுவதும் ஏறாததும் அதன் இஷ்டம். அந்த 'இஷ்டம்' என்ற ஒன்றை அதற்குக் கொடுப்பதுதான் விஷயம்.

பேப்பர் இல்லாமல் வைத்திருக்கிறீர்களா? பயந்துபோய் பள்ளிக்கரணை சதுப்பிலோ கிண்டிக் காட்டிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது பாம்புக்கும் துரோகம், அந்தக் காட்டுக்கும் துரோகம். ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, வனத்துறையிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். கஷ்டம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அவர்கள் வருவதைவிட நல்லது.

தம்பி ஐந்தாம் நாள் காயத்தைக் காட்ட வந்தார். விரல் ஆறிவிட்டது. டப்பாவைத் தூக்கிவிட்டு, ஒரு பழைய கண்ணாடி ஷோகேஸில் மண் போட்டு, பொந்து வைத்து, அம்மா வீட்டுக் கொய்யாக் கிளையை வைத்திருக்கிறார். வீடியோ காட்டினார். ராத்திரி ஒன்றேகால் மணி. கிளையின் பாதி தூரத்தில் பாம்பு. இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டி, நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ஜாய் பண்ணுதா டாக்டர்?"

"தெரியல தம்பி. மூக்கு எப்படி இருக்கு?"

"முட்டுறதை நிறுத்திடுச்சு. பொருக்கு உதிர ஆரம்பிச்சிருக்கு."

"வனத்துறை?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. "அங்க கொண்டுபோனா அதுக்கு யாரு டாக்டர் கிளை வெப்பாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடமும் உத்தரவாதமான பதில் இல்லை. ஆனாலும் போகத்தான் வேண்டும் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி, இந்த இழையைப் படிப்பீர்கள் என்று தெரியும். போகிற அன்றைக்கு ஒரு போன் பண்ணுங்கள், கிளினிக்கைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கிறேன். கூட வருகிறேன். அந்தக் கொய்யாக் கிளையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கை கழுவ மறக்காதீர்கள்.